ஆறு கால்சட்டை, ஆறு வெட்டு

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால் நேராகச் சொல்லிவிடுவேன்: கால்சட்டை வெட்டுகிறேன். புதுசு, விலை உயர்ந்தது, எதுவானாலும் சரி, மரக்காலில் மாட்டி, ஓடுகிற சங்கிலி ரம்பத்தை அதன் தொடையில் போடுவேன். ரம்பம் நின்றால் கால்சட்டை பாஸ். நிற்காவிட்டால் ஃபெயில். இதற்குச் சம்பளமும் தருகிறார்கள். என் அம்மா சாகும்வரை இதை நம்பவே இல்லை.

எங்கள் சோதனைக்கூடம் குய்க்காலம்பி ஏரிக்கரையில், பழைய பால் கூட்டுறவுக் கட்டடத்தில் இருக்கிறது. ஆள் இரண்டே பேர். ஒன்று நான், பேர் ஹில்க்கா. அப்புறம் மெக்கானிக் இல்போ. நான் சாவோக்காரி. எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு வாய் மூடாது. இல்போ ஹாமே பக்கத்து ஆள். ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசுவான், அதில் இரண்டு "காபி". இப்படிப்பட்ட எனக்குப் போய் இந்த வேலையில் ஒரு விதி வைத்திருக்கிறார்கள் பாருங்கள்: சோதிக்கிறவள் பொருள் செய்தவருக்கு எதையும் சொல்லிக் கொடுக்கக் கூடாது. ஏன் ஃபெயில், எப்படிச் சரிசெய்வது, மூச்! பதினாறு வருடமாக நாக்கைக் கடித்துக்கொண்டு பிழைப்பு ஓடுகிறது.

அந்த ஜூன் மாதம் புதன்கிழமை காலை சிஸ்கோவும் அவள் கணவன் வெய்யோவும் வேனில் வந்து இறங்கினார்கள். வெள்ளிக்கிழமை யுஹானுஸ், எங்கள் நடுக்கோடை விழா. வியாழன் நாலு மணிக்குக் கதவைப் பூட்டினால் நான் என் குடிசைக்கு, ஊர் அவரவர் குடிசைக்கு. அதற்கப்புறம் ஜூலை. ஆகஸ்ட் வரைக்கும் இந்த நாட்டில் எந்த மேசையிலும் ஆள் இருக்காது.

சிஸ்கோவைப் பற்றி நான் கேள்விப்பட்டிருக்கிறேன். இருபது வருடம் காட்டில் மரம் வெட்டியவள். பதினோரு வருடத்துக்கு முன்னால் ரம்பம் இடது தொடையில் பாய்ந்துவிட்டது. காப்புக் கால்சட்டை போட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் அது ஆம்பளைக்குத் தைத்தது. இடுப்பில் லொடலொட, தொடையில் சுற்றிக்கொண்டு போகும். குனிந்த நேரத்தில் முன்னால் இருக்கவேண்டிய காப்புப் பட்டை பக்கவாட்டுக்குப் போய்விட்டது. ரம்பம் வெறும் துணியில் இறங்கிவிட்டது. அன்றிலிருந்து அவள் ரம்பத்தைத் தொடவில்லை. வீட்டில் தையல் மெஷினைப் போட்டு, பெண்களின் உடம்புக்குப் பொருந்துகிற காப்புக் கால்சட்டை தைக்க ஆரம்பித்தாள்.

"ஆகஸ்ட்ல வனக் கல்லூரியில பதினேழு பொண்ணுங்க சேருதுங்க," என்றாள் வந்ததுமே. "நாளைக்குச் சாயந்திரத்துக்குள்ள சான்றிதழ் போனா என்னுதை எடுத்துக்கறேன்னு முதல்வர் சொல்லிட்டாரு. போகலைன்னா பழையபடி ஆம்பளை பேன்ட்தான், பதினேழு பேருக்கும்."

"நாளைக்கு ஏன்? இன்னிக்கே முடிச்சிடுவோம்," என்றேன். ஆறு கால்சட்டை, ஆறு வெட்டு, மூணு மணி நேர வேலை.

சோதனைக்கு முன்னால் ஆறையும் ஐந்து தடவை துவைத்திருக்க வேண்டும். காட்டில் யாரும் கடைப் புதுசாகவே போட்டுக்கொண்டு திரிவதில்லை அல்லவா. வழக்கமாக இங்கேயே துவைப்போம். மே மாதம் எங்கள் மெஷினில் பேரிங் போய்விட்டதால், செய்தவர்களே வீட்டில் துவைத்து, தேதி போட்டு, அட்டையில் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவரலாம் என்று எங்கள் மேலதிகாரி அனுமதித்துவிட்டு விடுமுறைக்குப் போய்விட்டார். அட்டையைப் பார்த்தேன். ஐந்து தேதி, ஐந்து கையெழுத்து, எல்லாம் வெய்யோவுடையது. மணிமணியான எழுத்து.

"துவைக்கற டிப்பார்ட்மென்ட் இவரு," என்றாள் சிஸ்கோ. வெய்யோ பெருமையாகத் தொப்பியைத் தொட்டுக்கொண்டார். பெரிய உடம்பு, சிவந்த காது, சாதுவான முகம்.

முதல் கால்சட்டையை மரக்காலில் மாட்டினேன். இல்போ ரம்பத்தை இயந்திரக் கையில் பூட்டி ஓடவிட்டான். சத்தம் கிளம்பியதும் சிஸ்கோ கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய்ச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். பாவம், பதினோரு வருடமாகியும் அந்தச் சத்தம் அவளை விடவில்லை.

சங்கிலி வேகம் சரியாக வந்ததும் அந்தக் கையைத் தூக்கிப் பிடித்திருந்த கொக்கியை விட்டேன். ரம்பம் தொடையில் விழுந்தது. நிற்கவில்லை! கரகரவென்று வெளித்துணி, காப்பு, உள்துணி எல்லாவற்றையும் தாண்டி மரக்காலில் போய்த்தான் நின்றது.

சிஸ்கோ திரும்பிப் பார்த்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"போச்சா?"

"போச்சு," என்றேன். வேறென்ன சொல்ல?

ஆறில் ஒன்று தோற்றாலும் அவ்வளவுதான். படிவத்தில் ஃபெயில் என்று எழுதவேண்டியதுதான் பாக்கி. எழுதுவதற்கு முன்னால் வெட்டுப்பட்ட இடத்தைப் பார்ப்பது என் கடமை. விரலை விட்டுப் பிரித்தேன்.

இந்தக் கால்சட்டைக்குள் மந்திரம் ஒன்றும் இல்லை. நீள நீளமான இழைகள் அடுக்கடுக்காகத் தளர்வாக இருக்கும். சங்கிலி பட்டதும் அந்த இழைகள் முடிக்கற்றை மாதிரி உருவிக்கொண்டு வந்து ரம்பத்தின் பல்சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். சக்கரம் அடைத்து ரம்பம் நின்றுவிடும். துணி ரம்பத்தைத் தடுப்பதில்லை, தொண்டையை அடைக்கிறது. ஆனால் இங்கே இழை ஒன்றுகூட உருவிவரவில்லை. எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, அப்பளம் மாதிரி விறைத்துக் கிடந்தன. அடுத்த கால்சட்டையை அமுக்கிப் பார்த்தேன். அதுவும் அப்பளம். ஆறுமே அப்பளம்.

இது தையல் குற்றம் இல்லை. இழை சூடுபட்டுச் சுருங்கினால்தான் இப்படி ஆகும். எங்கே சூடு பட்டது? பின்பை மூடியைத் தூக்கிப் பார்த்தேன். தையல் மடிப்பில் ஒரு பிர்ச் மரத்து இலை ஒட்டிக்கொண்டிருந்தது. காட்டு இலை இல்லை. வெந்நீரில் ஊறி, வெந்து, காய்ந்த இலை. சானாவில், அதாவது எங்கள் நீராவிக் குளியலறையில், முதுகில் அடித்துக்கொள்கிற பிர்ச் கொத்தின் இலை. மூக்கில் வைத்து முகர்ந்தேன். சந்தேகமே இல்லை.

அட மகராசா! சானாவில் போட்டுக் காயவைத்திருக்கிறான்!

எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. எங்கள் படிவத்தில் பாஸ், ஃபெயில் தவிர மூன்றாவதாக ஒரு கட்டம் உண்டு: "மாதிரி செல்லாது." துவைத்ததிலோ காயவைத்ததிலோ தவறு நடந்திருந்தால் அந்தச் சோதனையே கணக்கில் வராது, புது மாதிரி கொண்டுவரலாம். ஆனால் அதைச் செய்தவர்களே தாமாகச் சொல்லி எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். நான் கேட்டு வாங்கக் கூடாது, ஒரு வார்த்தை சொல்லியும் கொடுக்கக் கூடாது. இந்த விதியை எழுதியவன் நிச்சயம் ஹாமேக்காரன்.

"காபி," என்றான் இல்போ. அன்றைய முதல் வார்த்தை. கடவுள் புண்ணியம்.

மேசையைச் சுற்றி நாலு பேரும் உட்கார்ந்தோம். அரிசி வைத்த கரேலிய அடையும் முட்டை வெண்ணெயும் எடுத்து வைத்தேன். யாரும் தொடவில்லை. சிஸ்கோ கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் தப்பா அடுக்கியிருக்கேன்," என்றாள். "ஏழு அடுக்கு போதும்னு நெனச்சேன். பதினோரு வருஷம், வெய்யோ. என் கணக்கே தப்பு. அந்தப் பொண்ணுங்களை நம்ப வெச்சு, நானே அதுங்க காலை வெட்டப் பார்த்தேன்."

"அப்படி இல்ல சிஸ்கோ…" என்றார் வெய்யோ.

"அப்படித்தான். கண்ணால பார்த்தாச்சு இல்ல? மெஷினைத் தூக்கி வெளியே போட்டுடறேன். வேணாம் இந்த வேலை."

அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. அதைச் சொல்ல என் வாய் திறந்து திறந்து மூடியது. இல்போ மேசைக்கு அடியில் என் காலை மிதித்தான். சரி, பேசத்தானே கூடாது? மேசையில் ஓர் இலையை வைக்கக் கூடாது என்று எந்த விதியிலும் இல்லை. சட்டைப்பையிலிருந்து அந்தப் பிர்ச் இலையை எடுத்து, சர்க்கரைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் பதமாக வைத்தேன். வைத்துவிட்டு ஜன்னல் வழியாக ஏரியைப் பார்த்தேன்.

வெய்யோ இலையைப் பார்த்தார். காபியை ஒரு மடக்குக் குடித்தார். மறுபடி இலையைப் பார்த்தார். அவர் காது இன்னும் சிவந்தது. சுவர்க்கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது. இந்த நாட்டு ஆம்பளைகள் மௌனத்தில் உட்கார ஆரம்பித்தால் ஒரு பனிக்காலமே போய்விடும். பேசித் தொலையேன்யா, வாயில் என்ன கொழுக்கட்டையா என்று மனதுக்குள் கத்தினேன்.

"சிஸ்கோ," என்றார் கடைசியில். "நீ டிரையர் டிரம்முல போட்டுக் காயவைக்காதேன்னு சொன்ன."

"ஆமா. சூடு ஆகாது இழைக்கு."

"நான் டிரம்முல போடல."

"சரி."

"சானால போட்டேன்."

சிஸ்கோ கோப்பையைக் கீழே வைத்தாள். "எங்க போட்ட?"

"மேல் பலகைல. வரிசையா. ஒவ்வொரு தடவையும் எப்படியும் சானா சூடு பண்றோம், வீணாப் போகுதேன்னு…"

"எத்தனை டிகிரி?"

"சும்மா… தொண்ணூறு."

"தொண்ணூறு!"

"நீ சானாவைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே!"

"சானால போடாதேன்னு தனியா வேற சொல்லணுமா? உன்னை அடுப்புல உக்காராதேன்னு நான் சொல்லியிருக்கேனா?"

"எங்க வீட்டுல எல்லாத்தையும் சானாலதான் காயப்போடுவோம் சிஸ்கோ. சணல், வலை, பார்லி முளை எல்லாமே. எங்க அப்பா பொறந்ததே சானாலதான்!"

"அதனாலதான் மூளை வெந்துபோன குடும்பமா இருக்கு!"

ஐந்து நிமிடத்துக்கு முன்னால் அழ இருந்தவள் இப்போது எழுந்து நின்று கத்துகிறாள். எனக்கு அப்படியொரு சந்தோஷம். வெய்யோவின் முன்னால் காகிதத்தையும் பேனாவையும் தள்ளினேன். "இப்போ சொன்னதை எழுதி கையெழுத்துப் போடுங்க. ஒரு எழுத்து விடாம."

அவர் எழுதினார். அதே மணிமணியான எழுத்து. நான் மூன்றாவது கட்டத்தில் குறி போட்டேன். "மாதிரி செல்லாது. புதுசா ஆறு கொண்டுவரலாம்."

"புதுசு வீட்டுல இருக்கு. ரெண்டு மணி நேரத்துல கொண்டுவந்துடறேன்," என்று வெய்யோ சாவியை எடுத்தார். உடனே நின்றார். "ஆனா அஞ்சு தடவை துவைக்கணுமே. எங்க துவைக்க?"

அதுதானே? ஊர்ச் சலவைக்கடை விழாவுக்காக நேற்றே மூடியாகிவிட்டது. என் வீட்டு மெஷினில் போட்டால் என் வேலை போய்விடும். இனி அவர் வீட்டுக்கு அனுப்ப எனக்குப் பைத்தியமா?

"பேரிங் இருக்கு," என்றான் இல்போ.

"என்னது?"

"வண்டில. பேரிங்."

"எப்போ வாங்கின?"

அவன் விரல்விட்டு எண்ணினான். "மூணு வாரம்."

"மூணு வாரமா வண்டில வெச்சுக்கிட்டுச் சுத்தறியா? மெஷின் கெட்டுக் கிடக்குன்னு நான் தினம் புலம்பறேனே, காது கேக்கலையா உனக்கு?"

"புலம்பின. மாட்டுன்னு யாரும் சொல்லலையே."

தலையில் அடித்துக்கொண்டேன். இந்த இரண்டு ஆம்பளைகளும் ஆளுக்கு ஒரு வாக்கியம் உரிய நேரத்தில் பேசியிருந்தால் ஆறு கால்சட்டை பிழைத்திருக்கும். "மாட்டுடா தங்கம்!" என்றேன். "உன் கால்ல விழறேன், மாட்டு."

வெய்யோ வேனை எடுத்துக்கொண்டு பறந்தார். இல்போ மெஷினைப் பிரித்தான். சிஸ்கோ ஏரியில் இறங்கி நீந்தப் போனாள். ஜூன் மாதத்து ஏரித் தண்ணீர் எந்தக் கோபத்தையும் ஆற்றிவிடும். உதடு நீலமாகித் திரும்பி வந்தபோது பாதிக் கோபம்தான் மிச்சம் இருந்தது.

ஒரு மணிக்கு மெஷின் ஓடியது. விதிப்படி நானே போட்டேன், நானே எடுத்தேன். வெய்யோ மட்டும் முக்காலி ஒன்றைப் போட்டுக்கொண்டு மெஷினின் கண்ணாடி வட்டத்தின் முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன பண்றீங்க?" என்றேன்.

"காவல்," என்றார்.

"தொடக்கூடாது."

"கையைப் பாரு," என்று இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். ஐந்து துவையலும் அப்படியே உட்கார்ந்திருந்தார். சாயந்திரம் கால்சட்டைகளைக் கூடத்துக்குப் பின்னால் கொடியில் போட்டேன். காற்று நன்றாக அடித்தது. வெயிலுக்கு இந்த மாதத்தில் பஞ்சமில்லை, ராத்திரி வெகுநேரம்வரை அது பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருக்கும்.

மறுநாள் ஒரு மணிக்கு ஆறும் காய்ந்திருந்தன. அமுக்கிப் பார்த்தேன். மெத்தென்று இருந்தது. வாயைத் திறக்காமல் உள்ளே கொண்டுபோனேன்.

முதல் வெட்டு. ரம்பம் விழுந்தது, டப்பென்று நின்றது. வெட்டுவாயிலிருந்து வெள்ளை இழைகள் கொத்துக் கொத்தாக வெளியே வந்து சக்கரத்தில் சுற்றிக் கிடந்தன. பதினாறு வருடமாகப் பார்க்கிறேன், ஒவ்வொரு தடவையும் எனக்கு அது அழகுதான். உள்துணியில் கீறல்கூட இல்லை.

"பாஸ்," என்றேன்.

சிஸ்கோ சுவரைப் பார்த்தபடியே தலையாட்டினாள். இல்போ சக்கரத்தைச் சுத்தம்செய்து, சங்கிலியை மாற்றினான். ஒவ்வொரு வெட்டுக்கும் அரைமணி நேரம் இதற்கே போனது. இரண்டாவது பாஸ். மூன்றாவது பாஸ். நாலாவதும் நின்றது. ஐந்தாவதற்கு வெய்யோ கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். ஆள் கோயில் பக்கம் ஒதுங்கியதே இல்லை என்று பிற்பாடு தெரிந்தது.

ஆறாவதை மாட்டும்போது மணி மூன்றரை. இல்போ ரம்பத்தை ஓடவிட்டான். நான் கொக்கியில் கை வைத்ததும் பக்கத்தில் யாரோ வந்து நிற்பது தெரிந்தது. சிஸ்கோ. சுவரை விட்டுத் திரும்பி, கண்ணாடிக்கு நேரே வந்து நின்றிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. கை இடது தொடையைப் பிடித்திருந்தது.

"விடு ஹில்க்கா. நான் பார்க்கறேன்."

விட்டேன்.

ரம்பம் விழுந்தது. நிற்கவில்லை. ஒரு கண் இமைக்கிற நேரம், இல்லை, அதற்கும் மேலே ஓடியது. அப்புறம் தொண்டை அடைத்த மாதிரி ஒரு செருமல் செருமி, நின்றுவிட்டது.

போய்ப் பார்த்தேன். வெளித்துணி போயிருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து அடுக்கு போயிருந்தது. ஆறாவதும் போயிருந்தது. ஏழாவது முழுசாக இருந்தது. அதற்குக் கீழே உள்துணியில் விளக்கை அடித்துப் பார்த்தேன், கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒரு நூல்கூட அறுபடவில்லை.

"பாஸ்!" என்று கத்தினேன். அப்படிக் கத்தக் கூடாது என்றும் விதி இருக்கலாம், இருந்துவிட்டுப் போகட்டும்.

வெய்யோ முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். இல்போ தொப்பியைக் கழற்றினான். முத்திரை குத்தி, மூன்று நாற்பத்தெட்டுக்குச் சான்றிதழைக் கல்லூரி முதல்வருக்கு அனுப்பினேன். மூன்று ஐம்பத்திரண்டுக்கு அவரிடமிருந்து பதில் வந்தது: "பதினேழும் எடுத்துக்கொள்கிறோம். யுஹானுஸ் வாழ்த்துகள்."

சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டுத் திரும்பினேன். சிஸ்கோ ஆறாவது கால்சட்டையை மரக்காலிலிருந்து உருவி, தன் இடது காலின் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்டு அவள் தழும்புக்கு நேரே வந்து உட்கார்ந்தது. விரலைக் கிழிசலுக்குள் விட்டு, உள்துணியைத் தொட்டாள்.

"இங்கதான், வெய்யோ," என்றாள். "அன்னிக்கு சரியா இந்த இடம்தான்."

வெய்யோ எழுந்து வந்தார். அவரும் தன் தடித்த விரலை அதே கிழிசலுக்குள் விட்டுத் தொட்டுப் பார்த்தார். அன்றைக்கு அவளை வண்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் அவர்தானாம். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை. இல்போ எனக்குக் கைக்குட்டை என்று நினைத்து எண்ணெய்த் துணியை நீட்டினான்.

"இல்போ," என்றாள் சிஸ்கோ. "அந்த ரம்பத்தைக் கொஞ்சம் கழட்டிக் குடு. தூக்கிப் பார்க்கணும்."

இல்போ என்னைப் பார்த்தான். இதற்கு விதி இருக்கிறதா என்று நான் யோசிக்கக்கூட இல்லை. அவன் கழற்றிக் கொடுத்தான். அவள் இரண்டு கையாலும் வாங்கி எடைபார்த்தாள். "இவ்வளவு லேசா? நான் ஏதோ மலை மாதிரி நெனச்சுக்கிட்டிருந்தேன்," என்றாள்.

போகும்போது வேன் கதவருகில் வெய்யோ தயங்கினார். "சிஸ்கோ… நாளைக்கு விழா. சானா சூடு பண்ணலாம்தானே?"

"பண்ணு. ஆனா நீ உள்ள போறப்ப உன் கையை நான் பார்ப்பேன். ஒரு சாக்ஸ் இருந்தாலும் தொலைஞ்ச."

வெள்ளிக்கிழமை மத்தியானம் குடிசை வாசலில் உட்கார்ந்து தொத்திறைச்சி சுட்டுக்கொண்டிருந்தேன். போனில் ஒரு படம் வந்தது. ஏரிக்கரையில் சொக்கப்பனைக்கான விறகுக் குவியல். அதன் பக்கத்தில் சிஸ்கோ, தான் தைத்த புதுக் கால்சட்டையில், கையில் ரம்பம், காலடியில் புதிதாக அறுத்த பிர்ச் கட்டைகள். வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறாள். தூரத்தில் சானாவின் புகைபோக்கியில் புகை. அதற்கு ரொம்பத் தள்ளி, தோட்டத்தின் அந்தக் கோடியில், வெய்யோ ஒரு கொடியில் அவள் துணிகளை ஒவ்வொன்றாகக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.